பார்சலைப் பிரித்துப் பாருங்கள்: பைத்தான் லைப்ரரிகளின் பேக்கேஜிங் பழுதுகளைச் சரிசெய்யப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹோட்டலில் பார்சல் வாங்கி வீட்டுக்கு வந்து பிரித்தால் இட்லி இருக்கும், சாம்பார் இருக்கும், சட்னி மட்டும் இருக்காது. சட்னி அரைக்கவில்லை என்று அர்த்தமில்லை. அது அடுப்படியில் பாத்திரம் நிறைய இருக்கிறது, கட்டிக் கொடுத்தவர்தான் வைக்க மறந்துவிட்டார். பைத்தான் லைப்ரரிகளில் நான் பார்த்த பேக்கேஜிங் பழுதுகளில் பாதிக்குமேல் இந்தச் சட்னிக் கதைதான். கோடில் குறையில்லை, டெஸ்ட் எல்லாம் பச்சை. ஆனால் ஊரில் ஒருவர் பிப் (லைப்ரரிகளை இறக்கி நிறுவும் கருவி) மூலம் இன்ஸ்டால் செய்ததும் உடைகிறது.

நானும் சட்னி வைக்க மறந்தவன்தான். தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றை உள்ளே வைத்து ஒரு குட்டி லைப்ரரி எழுதி, வேளச்சேரி வீட்டிலிருந்து ஒரு சனிக்கிழமை ராத்திரி, பைத்தான் லைப்ரரிகள் கிடைக்கும் பொதுக் கிடங்கான பைபிஐ-யில் ஏற்றினேன். மறுநாள் காலை தாம்பரத்திலிருந்து நண்பன் போன் செய்தான்.

"மச்சி, உன் லைப்ரரி இம்போர்ட்டே ஆகல. ஏதோ ஃபைல் இல்லைங்குது."

"என் மெஷின்ல ஓடுதேடா."

"அப்போ வேளச்சேரிக்கு வந்தாதான் ஓடுமா?"

அவன் கேட்டதுதான் கேள்வி. என் மெஷினில் ஓடியது என் ஃபோல்டர். அவனுக்குப் போனது பார்சல். இந்த இரண்டும் வேறு வேறு பொருள் என்பது உறைத்துவிட்டால் மீதியெல்லாம் தேடிக் கண்டுபிடிக்கிற வேலைதான்.

ஓப்பன் சோர்ஸுக்கு முதல் பங்களிப்பு செய்ய நினைக்கும் மாணவர்களுக்கு நான் இந்த வகை இஷ்யூக்களைத்தான் (பழுது பற்றிய புகார்களைத்தான்) காட்டுவேன். லைப்ரரியின் உள்ளே இருக்கும் கணக்கு புரிய வேண்டியதில்லை. பராமரிப்பவர்களில் பலருக்கு இந்த வேலை பிடிக்காது, யாராவது செய்தால் சந்தோஷப்படுவார்கள். கட்டளைகளை நாம் வாயால் சொல்வதுபோலத் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

பார்சலில் இரண்டு வகை

பைபிஐ-யில் ஒரு லைப்ரரியின் பக்கத்தைத் திறந்து 'டவுன்லோட் ஃபைல்ஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு வகைக் கோப்புகள் இருக்கும். டார்-ஜீஸெட் என்று முடிவது எஸ்டிஸ்ட், அதாவது மூலக்கோட் மூட்டை. இன்ஸ்டால் செய்பவரின் மெஷினில்தான் அது கட்டப்படும். இன்னொன்று வீல். ஏற்கெனவே கட்டி முடித்தது, பிரித்து வைத்தால் போதும். வீல் என்றதும் வண்டிச் சக்கரத்தை நினைக்காதீர்கள். பைபிஐ-க்கு ஒருகாலத்தில் சீஸ் ஷாப் என்று பெயர் இருந்தது, அந்தக் கடையில் விற்கும் வட்டச் சீஸ் கட்டிதான் இந்த வீல். அது வெறும் ஸிப் கோப்பு, பெயர் மட்டும் வேறு. இது தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

எதை எப்படிக் கட்ட வேண்டும் என்பது பைப்ராஜெக்ட் டாம்ல் கோப்பில் இருக்கும். பழைய லைப்ரரிகளில் செட்டப் பை இருக்கும். பெப் (பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு) 517, 518 இரண்டும் கட்டும் முறையைச் செட்டப் பை-யிலிருந்து விடுவித்தன. பெப் 621 லைப்ரரியின் பெயர், வெர்ஷன், சார்புகளை (அதற்குத் தேவையான மற்ற லைப்ரரிகளை) எழுதும் இடத்தை வரையறுத்தது. அவற்றை முழுதாகப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும் என்றில்லை.

பழுதை உங்கள் கைக்கு வரவழையுங்கள்

இஷ்யூவைப் படித்ததும் கோடைத் திறக்காதீர்கள். அந்தப் பிழை உங்கள் மெஷினிலும் வர வேண்டும், முதல் வேலை அது. புகார் செய்தவரின் பைத்தான் வெர்ஷன் என்ன, விண்டோஸா லினக்ஸா, பிப் வெர்ஷன் என்ன, வீலை இன்ஸ்டால் செய்தாரா எஸ்டிஸ்டையா? கடைசிக் கேள்விக்கான பதில் பிப் திரையில் கொட்டும் வரிகளிலேயே இருக்கும். எந்தக் கோப்பை இறக்குகிறோம் என்று அது பெயரோடு சொல்லும். புகாரில் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கூடவே 'பிப் ஷோ -எஃப்' என்று அடித்து லைப்ரரியின் பெயரைக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் மெஷினில் உண்மையில் எந்தெந்தக் கோப்பு இறங்கியிருக்கிறது என்ற பட்டியல் வரும். பல இஷ்யூக்கள் அந்தப் பட்டியலைப் பார்த்ததுமே தீர்ந்துவிடும்.

உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 23.04-லிருந்து சிஸ்டம் பைத்தானில் நேரடியாகப் பிப் இன்ஸ்டால் செய்தால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' என்று தடுத்துவிடும். அது லைப்ரரியின் பழுது இல்லை. இதை ஒரு பிழையாக இஷ்யூ போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வென்வ் (ஒரு வேலைக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் சூழல்) உருவாக்கி அதற்குள் வேலை செய்யுங்கள்.

கட்டுங்கள், பிரியுங்கள், வேறு இடத்தில் போட்டுப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ரெப்போவை, அதாவது லைப்ரரியின் மூலக்கோட் களஞ்சியத்தை, புதிதாக க்ளோன் (நகல்) செய்யுங்கள். நாலு மாதமாகக் கிடக்கும் பழைய க்ளோன் வேண்டாம். அதில் பில்ட் என்ற ஃபோல்டரும் எக்-இன்ஃபோ என்ற ஃபோல்டரும் கிடக்கும். பார்சல் கட்டும் கருவியான செட்டப்டூல்ஸ் அந்தப் பழைய பில்ட் ஃபோல்டரிலிருந்து நீங்கள் எப்போதோ அழித்த கோப்பைக்கூட எடுத்துப் புது வீலில் வைத்துவிடும். நேற்றைய சாம்பாரை இன்றைய பார்சலில் ஊற்றுகிற மாதிரி.

பிறகு 'பைத்தான் -எம் பில்ட்'. பில்ட் என்ற கருவியைப் பிப் மூலம் முதலில் போட்டுக்கொள்ள வேண்டும். அது முதலில் எஸ்டிஸ்டைக் கட்டும், அந்த எஸ்டிஸ்டிலிருந்து வீலைக் கட்டும். இந்த வரிசை முக்கியம். எஸ்டிஸ்டில் விடுபட்டது வீலிலும் விடுபடும் என்பதால் பழுது மறைய இடமில்லை. டிஸ்ட் ஃபோல்டரில் இரண்டு கோப்புகள் வந்திருக்கும்.

இப்போது பிரியுங்கள். 'பைத்தான் -எம் ஸிப்ஃபைல் -எல்' என்று அடித்து வீலின் பெயரைக் கொடுத்தால் உள்ளே இருப்பது வரிசையாக வரும். எஸ்டிஸ்டுக்கு 'டார் டிஎஃப்'. அந்தப் பட்டியலையும் 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்' தரும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரல் வைத்துப் படியுங்கள். செக்-மேனிஃபெஸ்ட் என்ற கருவி எஸ்டிஸ்டுக்கு இந்த வேலையைச் செய்யும். ஆனாலும் முதல் சில தடவை கண்ணால் பாருங்கள்.

மூன்றாவதாக, புது வென்வ் ஒன்றை உருவாக்கி, வீலை அதில் இன்ஸ்டால் செய்து, ரெப்போவை விட்டு வெளியே வந்து, டெம்ப் ஃபோல்டரில் நின்றுகொண்டு இம்போர்ட் செய்யுங்கள். வெளியே வருவது ஏன்? பைத்தானை இன்டராக்டிவாகத் திறந்தாலும் -சி, -எம் கொடுத்து ஓட்டினாலும் அது முதலில் நீங்கள் நிற்கும் ஃபோல்டரில்தான் தேடும். ரெப்போவின் வாசலில் நின்றால் அங்கே அதே பெயரில் இருக்கும் மூலக்கோட் ஃபோல்டரை எடுத்துக்கொண்டு 'எல்லாம் நலம்' என்று சொல்லிவிடும். இன்ஸ்டால் ஆன வீலை அது தொட்டே இருக்காது. 'பிப் இன்ஸ்டால் -ஈ' என்ற எடிட்டபிள் இன்ஸ்டாலும் இதே பொய்யைத்தான் சொல்லும். நான் அந்தச் சனிக்கிழமை ராத்திரி ஏமாந்தது இங்கேதான்.

லைப்ரரிக் கோடை எஸ்ஆர்சி என்ற உள்ஃபோல்டருக்குள் வைக்கும் பழக்கம் வந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். வாசலில் நின்றாலும் வீடு தெரியாது. அதற்காக, அடுத்தவர் லைப்ரரிக்குள் முதல் தடவை நுழையும்போதே எல்லாவற்றையும் எஸ்ஆர்சி-க்கு மாற்றிப் புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தை ஏற்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்பாதீர்கள்.

சட்னி எங்கே போச்சு?

வீலில் ஒரு கோப்பு இல்லை என்று உறுதியாகிவிட்டது. காரணங்கள் அதிகம் இல்லை.

ஒன்று, செட்டப் பை-யில் பேக்கேஜ் பெயரைக் கையால் எழுதியிருப்பார்கள். பிறகு யாரோ உள்ஃபோல்டர் ஒன்றைச் சேர்த்திருப்பார்கள், பட்டியலில் சேர்த்திருக்க மாட்டார்கள். செட்டப்டூல்ஸின் ஃபைண்ட் வசதிக்கு மாற்றினால் தீரும். ஆனால் அந்த ஃபைண்ட், இனிட் கோப்பு (ஃபோல்டரைப் பேக்கேஜ் என்று அடையாளம் காட்டும் கோப்பு) இல்லாத ஃபோல்டரை விட்டுவிடக்கூடும். காலி கோப்புதானே என்று யாரோ அழித்த இனிட்-டால் மொத்த உள்ஃபோல்டரும் காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு, ஜேசான், டெக்ஸ்ட், டெம்ப்ளேட் போன்ற பைத்தான் அல்லாத கோப்புகள். செட்டப்டூல்ஸில் பேக்கேஜ்-டேட்டா என்ற பகுதியில் இவற்றைச் சொல்ல வேண்டும், அல்லது மேனிஃபெஸ்ட் இன் கோப்பில் சேர்த்து, இன்க்ளூட்-பேக்கேஜ்-டேட்டா இயங்கும்படி வைக்க வேண்டும். என் சொற்பட்டியல் விடுபட்டது இதனால்தான். ஒரே வரித் திருத்தம்.

மூன்றாவது காரணம் கிட்இக்னோர், அதாவது கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியல். ஹேச்லிங் என்ற கருவி கொண்டு கட்டும் லைப்ரரிகளில், கிட்இக்னோரில் இருப்பது பார்சலிலும் போகாது. கிட்ஹப் புது ரெப்போவுக்குத் தரும் பைத்தான் கிட்இக்னோர் மாதிரியில் லிப், பார்ட்ஸ், வார் என்ற ஃபோல்டர் பெயர்களெல்லாம் உண்டு. உங்கள் உள்ஃபோல்டருக்கு லிப் என்று பெயர் வைத்திருந்தால் அது கிட்டுக்குள்ளேயே போயிருக்காது, பார்சலுக்கு எப்படிப் போகும்?

இதற்கு நேரெதிரான பழுதும் உண்டு. வரக்கூடாதது வந்துவிடும். டெஸ்ட்ஸ் என்ற ஃபோல்டர் மேல்மட்டப் பேக்கேஜாகவே இன்ஸ்டால் ஆகி, இன்னொரு லைப்ரரியின் டெஸ்ட்ஸோடு மோதும். வீலைப் பிரிக்கும்போது மேல்மட்டத்தில் உங்கள் பேக்கேஜும் டிஸ்ட்-இன்ஃபோவும் தவிர வேறு ஏதாவது இருந்தால் நிறுத்தி யோசியுங்கள்.

கோப்பு பார்சலில் வந்தால் மட்டும் போதாது, அதைத் திறக்கும் கோடும் சரியாக இருக்க வேண்டும். 'டேட்டா/வேர்ட்ஸ்' என்று சும்மா பாதை கொடுத்தால், பயனர் நிற்கும் ஃபோல்டரிலிருந்து தேடும். இம்போர்ட்லிப் ரிசோர்சஸ் கொண்டு திறக்கும்படி மாற்றுங்கள்.

புள்ளி வைத்ததால் விழுந்த இன்ஸ்டால்

தமிழோடு புழங்கும் லைப்ரரி என்றால் இந்தப் பழுது நிச்சயம் வரும், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். செட்டப் பை-யில் ரீட்மீ கோப்பை ஓப்பன் செய்து படிக்கும் ஒரு வரி இருக்கும். என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டுகளாக வைக்கும் முறை) சொல்லியிருக்க மாட்டார்கள். லினக்ஸிலும் மேக்கிலும் பிரச்சினையே வராது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய விண்டோஸ் லேப்டாப்பில் ஒரு மாணவி இன்ஸ்டால் செய்தால் 'சார்மேப் கோடெக்' என்று தொடங்கி, 8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை என்று விழும்.

காரணம் இது. விண்டோஸில் ஓப்பனுக்கு என்கோடிங் சொல்லாவிட்டால் மெஷினின் பழைய கோட்பேஜை (எந்த பைட் எந்த எழுத்து என்ற அட்டவணையை) எடுத்துக்கொள்ளும். ஆங்கிலம்-இந்தியா என்று அமைத்த மெஷினில் அது சிபி1252. தமிழ்ப் புள்ளி யூடிஎஃப்-8-இல் மூன்று பைட்: ஈ0, ஏஎஃப், 8டி. சிபி1252 அட்டவணையில் 8டி என்ற இடம் காலி. ஆக 'அம்மா' என்று எழுதினால் இன்ஸ்டால் விழும். உகரக் குறியின் கடைசி பைட் 81, அதுவும் காலியிடம். ஏ, ஐ இரண்டுக்கும் அதே கதி. இதில் வேடிக்கை, 'மலை' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தப் பிழையும் வராது. அதில் புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை. சத்தமில்லாமல் குப்பை எழுத்தாக மாறி உள்ளே போய்விடும். பிழை வந்து விழுவதே மேல்.

திருத்தம் எளிது: கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று சொல்லுங்கள். செட்டப் பை-யில் மட்டுமல்ல, லைப்ரரிக்குள்ளும். செட்டப் பை-யில் இருக்கும் பிழை எஸ்டிஸ்டிலிருந்து கட்டுபவர்களை மட்டுமே அடிக்கும். லைப்ரரிக்குள் இருக்கும் பிழை வீலை இன்ஸ்டால் செய்பவர்களையும் சேர்த்து அடிக்கும். பைத்தான் 3.15-லிருந்து யூடிஎஃப்-8-ஐயே இயல்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பெப் 686 சொல்கிறது. ஆனால் பழைய வெர்ஷன்கள் கல்லூரி லேபுகளில் இன்னும் பல வருஷம் ஓடும்.

இன்னொன்று. பார்சலுக்குள் இருக்கும் கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்காதீர்கள். 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, மெஷினுக்கு வேறு. தமிழ்ப் பற்று கோப்பின் உள்ளே இருக்கட்டும்.

"இருக்கிறதே, ஏன் இல்லை என்கிறது?"

நம்பை (எண் கணக்குகளுக்கான லைப்ரரி) இன்ஸ்டால் ஆகியிருக்கிறது, ஆனால் லைப்ரரியை இன்ஸ்டால் செய்யும்போது நம்பை இல்லை என்று பிழை வருகிறது. புதியவர்களை அதிகம் குழப்புவது இதுதான். பிப், எஸ்டிஸ்டைக் கட்டுவதற்குத் தனியாக ஒரு காலி அறையை உருவாக்குகிறது. பைப்ராஜெக்ட் டாம்லின் பில்ட்-சிஸ்டம் பகுதியில் கேட்டிருப்பது மட்டுமே அந்த அறையில் இருக்கும். செட்டப் பை, வெர்ஷன் எண்ணைத் தெரிந்துகொள்ள லைப்ரரியையே இம்போர்ட் செய்தால், லைப்ரரி நம்பையை இம்போர்ட் செய்யும், அறையில் நம்பை இல்லை, விழும். பில்ட்-சிஸ்டத்தில் நம்பையைச் சேர்ப்பது ஒட்டுப்போடும் வேலை. வெர்ஷனைப் பைப்ராஜெக்ட் டாம்லில் எழுதிவிட்டு, லைப்ரரிக்குள் தேவைப்பட்டால் இம்போர்ட்லிப் மெட்டாடேட்டா மூலம் கேட்டுக்கொள்வதே சரி.

இதன் தம்பி ஒன்று உண்டு. பைத்தான் 3.12 வந்தபோது, 2023 அக்டோபரில், பைத்தானோடு வந்துகொண்டிருந்த பழைய பேக்கேஜிங் கருவியான டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கப்பட்டது. அதே வெர்ஷனிலிருந்து புது வென்வில் செட்டப்டூல்ஸும் தானாக வருவதில்லை. லைப்ரரி எங்கேயோ ஒரு மூலையில் டிஸ்ட்யூட்டில்ஸையோ செட்டப்டூல்ஸோடு வந்த பிகேஜி-ரிசோர்சஸையோ இம்போர்ட் செய்துகொண்டிருந்தால், செட்டப்டூல்ஸ் தற்செயலாக இருக்கும் மெஷினில் ஓடலாம், இல்லாத மெஷினில் விழும். 'சிலருக்கு ஓடுகிறது, சிலருக்கு ஓடவில்லை' என்ற இஷ்யூவைப் பார்த்தால் ரெப்போ முழுக்க இந்த இரண்டு பெயர்களையும் தேடுங்கள். வெர்ஷன் ஒப்பிடப் பயன்படுத்தியிருந்தால் பேக்கேஜிங் என்ற லைப்ரரிக்கு மாற்றுங்கள். ஸ்ட்ர்-டு-பூல் மாதிரி சின்ன ஃபங்க்‌ஷன் என்றால் ஐந்து வரியில் நாமே எழுதிவிடலாம்.

மற்றவை, சுருக்கமாக

இன்ஸ்டால் செய்யும் பெயரும் இம்போர்ட் செய்யும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஓப்பன்-தமிழ் என்று இன்ஸ்டால் செய்து தமிழ் என்று மட்டும் இம்போர்ட் செய்கிறோம். பில்லோ, பிஐஎல் ஆகிறது. இது பழுதில்லை, ரீட்மீயில் ஒரு வரி இல்லாததுதான் குறை. அந்த ஒரு வரியைச் சேர்ப்பதும் பங்களிப்புதான்.

லைப்ரரியின் சார்புகளில் இரண்டு சமக்குறி போட்டு வெர்ஷனைப் பூட்டாதீர்கள். அப்ளிகேஷனுக்கு அது சரி. லைப்ரரியில் பூட்டினால், வேறு வெர்ஷன் கேட்கும் இன்னொரு லைப்ரரியோடு அதைச் சேர்த்து இன்ஸ்டால் செய்யவே முடியாது.

விண்டோஸில் எழுதிய கோப்புப் பாதையில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் மாறியிருந்தால் லினக்ஸில் விழக்கூடும். சி மொழிக் கோட் உள்ள லைப்ரரி என்றால் ஒவ்வொரு தளத்துக்கும் தனி வீல் தேவை. அதற்கு சிஐபில்ட்வீல் என்ற கருவி இருக்கிறது. அது தனி உலகம், முதல் மாதத்தில் அங்கே போகாதீர்கள்.

புல் ரிக்வெஸ்ட்

திருத்தம் மூன்று வரியாக இருந்தால் புல் ரிக்வெஸ்டும் மூன்று வரியாக இருக்கட்டும். வந்ததுதான் வந்தோம் என்று செட்டப் பை-யை முழுதாகப் பைப்ராஜெக்ட் டாம்லுக்கு மாற்றினால், பராமரிப்பவர் அதைச் சரிபார்க்க ஒரு வார இறுதியைத் தொலைக்க வேண்டும். விளக்கத்தில் திருத்தத்துக்கு முன் வீலில் என்ன இருந்தது, பின் என்ன இருக்கிறது என்ற இரண்டு பட்டியலையும் ஒட்டுங்கள். அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

முடிந்தால் சிஐ-யில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் ஏற்பாட்டில்) ஒரு படியைச் சேருங்கள்: கட்டு, காலி வென்வில் வீலை இன்ஸ்டால் செய், ரெப்போவுக்கு வெளியே நின்று இம்போர்ட் செய். விண்டோஸ் ஒன்று, லினக்ஸ் ஒன்று போதும். அதே பழுது திரும்ப வராது.

அனுப்புவதற்கு முன் யாராவது பார்த்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றினால், சென்னைபை குழு மாதந்தோறும் நடத்தும் கூட்டத்துக்கு லேப்டாப்போடு போங்கள். ஆனால் 'சார், என் கோட் ஓடல' என்று ஆரம்பிக்காதீர்கள். வீலின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

வெளியீடு

இது பெரும்பாலும் உங்கள் கையில் இருக்காது, பராமரிப்பவர்தான் செய்வார். ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். நண்பன் போன் செய்ததும் நான் பதறிப்போய்ப் பைபிஐ-யில் அந்த வெளியீட்டை அழித்தேன். சொற்பட்டியலைச் சேர்த்து அதே வெர்ஷன் எண்ணில் மறுபடி ஏற்றப் போனேன். பைபிஐ மறுத்துவிட்டது. ஒருமுறை பயன்படுத்திய கோப்புப் பெயரை அழித்த பிறகும் மீண்டும் பயன்படுத்த முடியாது. புது எண்தான் போட வேண்டும். கெட்டுப்போன வெளியீட்டை அழிப்பதைவிட யாங்க் செய்வது நல்லது. யாங்க் செய்தால், அந்த எண்ணைக் குறிப்பாகப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும், புதிதாக வருபவர்களுக்குப் பிப் அதைத் தராது.

ஒத்திகை பார்க்க டெஸ்ட்பைபிஐ என்ற தனித் தளம் இருக்கிறது, அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். ஏற்றும் முன் 'ட்வைன் செக்' ஓட்டினால் ரீட்மீ ஒழுங்காகத் தெரியுமா என்று சொல்லிவிடும். 2024 தொடக்கத்திலிருந்து பைபிஐ-யில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸிலிருந்து வெளியிடும் லைப்ரரி என்றால், நிரந்தர டோக்கனை வைத்துக்கொண்டு பயப்படுவதற்குப் பதில், 2023-இல் வந்த ட்ரஸ்டட் பப்ளிஷிங் முறைக்கு மாறும்படி பராமரிப்பவரிடம் சொல்லிப் பார்க்கலாம்.

புது வெர்ஷன் ஏறியதும் சில நிமிடம் பொறுத்து, புது வென்வில் 'நோ-கேஷ்-டிர்' போட்டு, பைபிஐ-யிலிருந்தே இன்ஸ்டால் செய்து பாருங்கள். ஓடினால் இஷ்யூவில் அந்த வெர்ஷன் எண்ணைக் குறிப்பிட்டு, புகார் செய்தவரை முயன்று பார்க்கச் சொல்லுங்கள். அவர் 'ஓடுது' என்று எழுதிய பிறகு இஷ்யூவை மூடலாம்.